அண்ணன் சொன்ன ‘பாரம்’

கேள்வி: பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை ஒன்றரை ஆண்டாகக் கும்பகோணத்தில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் கடைசியாக வந்தது பொங்கலுக்கு. ஆனால் ஞாயிறுதோறும் வீடியோவில் அழைத்து, “அப்பா இளைத்துவிட்டாரே, சோறு போடுகிறாயா? உனக்கு அவர் பாரமாகிவிட்டார்” என்கிறார். சென்ற மாதம் அப்பாவுக்கு இடுப்பில் படுக்கைப்புண் வந்தபோது கத்தித் தீர்த்துவிட்டார். மருந்துக்கடை ரசீது, டாக்டர் சீட்டு, அப்பா சாப்பிடும் வீடியோ எல்லாம் அனுப்பிவிட்டேன். குறை சொல்வது நின்றபாடில்லை. நான் என்ன தவறு செய்தேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, ரசீது அனுப்புவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் அண்ணன் கேட்பது கணக்கு அல்ல. பொங்கலுக்குப் பிறகு அப்பாவை வந்து பார்க்கவில்லை என்பது அவர் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘நான் அப்பாவைக் கைவிட்டுவிட்டேனோ’ என்ற எண்ணத்தைத் தாங்க முடியாத மனம், ‘அவள்தான் கவனிக்கவில்லை’ என்று அதை உங்கள் மேல் இறக்கி வைத்துவிடுகிறது. மனநல மருத்துவர்கள் இதைப் புரொஜெக்ஷன் என்பார்கள். உளவியல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டு 1890-களிலேயே இதைப் பற்றி எழுதினார். மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை அவர் மகள் அன்னா 1936-இல் தொகுத்து எழுதியபோது, அதில் இதுவும் இருந்தது.

அண்ணன் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. தான் சொல்வதை முழுக்க நம்புகிறார். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தாயார் கடைசிக் காலத்தில் தம்பி வீட்டில் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறைதான் போவேன். போனதும் நேரே சமையலறைக்குள் நுழைந்து, கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்து, “இவ்வளவு நீர்க்கவா கொடுக்கிறாய்?” என்று தம்பி மனைவியைக் கடிந்துகொள்வேன். அந்தக் கோபம் நியாயமானது என்றே நம்பினேன். அம்மா போய் ஒரு வருடம் கழிந்த பிறகுதான் அது யார் மேல் இருந்த கோபம் என்று விளங்கிற்று. அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் அண்ணி என்று கூப்பிடத்தான் நினைப்பேன். நீங்கள் பேசுகிற பேச்சில் அது வாயில் வராது” என்றாள்.

அவள் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லுங்கள். அடுத்த முறை அண்ணன் ஆரம்பித்ததும், “அப்பாவைப் பார்க்காமல் இருப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணா, எனக்குத் தெரிகிறது. எந்தச் சனிக்கிழமை வருகிறாய்?” என்று கேளுங்கள். குரலில் குத்தல் வேண்டாம். புரொஜெக்ஷன் என்ற சொல்லையும் அவரிடம் எடுக்க வேண்டாம். குற்றம் சாட்டுகிறவரிடம் ‘குற்ற உணர்ச்சி உனக்குத்தான்’ என்று திருப்பிச் சொன்னால், அவர் காதை மூடிக்கொள்வார். அப்படியும் கத்தினால், “கத்தினால் என்னால் பேச முடியாது. இரவு எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். சொன்னபடி எட்டு மணிக்குக் கூப்பிடவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் தனியாகப் பாருங்கள். அண்ணனின் கோபம் எங்கிருந்து வந்தாலும், புண் உண்மையானது. அப்பாவை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க முடிகிறதா? இரவிலும் ஒற்றை ஆளாக அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். காற்றுப்படுக்கை இல்லையென்றால், அதை வாங்கி அனுப்பும்படி அண்ணனிடமே கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அண்ணன் சொன்னதில் ‘பாரம்’ என்ற சொல்தான் உங்களை அதிகம் சுட்டிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு நனைந்த விரிப்பை மாற்றும்போது அந்தச் சொல் உங்கள் மனத்திலும் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் அது பாவமில்லை, சகோதரி. ஒன்றரை ஆண்டு முழு இரவு தூங்காத உடம்பு அப்படித்தான் நினைக்கும். அந்த நினைப்பை உங்களுக்குள்ளேயே ஒளித்துவைத்தால், ‘அண்ணனுக்கு அப்பா மேல் பாசமே இல்லை’ என்று நீங்களும் அவர் மேல் ஏற்றத் தொடங்குவீர்கள். நம்பிக்கையான ஒரு தோழியிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். யாருமில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம்தான், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அண்ணன் வந்தால் விருந்தாளியாக உட்கார வைக்காதீர்கள். முதல் நாள் பகலில் அப்பாவை எப்படித் திருப்புவது, முதுகுக்குப் பின்னால் தலையணையை எப்படி வைப்பது, புண்ணுக்கு எப்படி மருந்து போடுவது என்று பக்கத்தில் நின்று காட்டிக்கொடுங்கள். அன்றிரவு அப்பாவை அவரிடம் விட்டுவிட்டு, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.