மருத்துவச்சி என்றால் என்ன குறைச்சல், அண்ணாச்சி?

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் நாங்கள் நடத்தும் ஆலோசனை முகாமுக்கு மகளோடு வந்திருந்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மேசையில் வைத்து, "டாக்டர் சீட் கிடைக்காது என்று தெரியும். பார்மசி, லேப் டெக்னீஷியன் என்று ஏதாவது சொல்லுங்கள்" என்றீர்கள். நடுவே உங்கள் மகள், "எனக்குப் பிரசவம் பார்க்கும் படிப்பு வேண்டும்" என்றாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டீர்கள். "மருத்துவச்சி வேலைக்கா பிள்ளையைப் படிக்கவைத்தேன்?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டீர்கள். வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். உங்களைப் பிடித்து நிறுத்திப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிதான். அந்தச் சொல் உங்களை ஏன் சுட்டது என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் மருத்துவச்சி என்பது படித்து வாங்கிய பெயர் கிடையாது, சாதியோடு வந்த பெயர். நடுச்சாமத்தில் வலி எடுத்தால் ஓடிப்போய்க் கூட்டி வருவார்கள். பிள்ளை பிறந்ததும் நாலு படி நெல்லும் ஒரு பழைய சேலையும் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் அதே வீட்டுத் திண்ணையில் அவள் உட்கார முடியாது. வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தானே? ஆனால் கறை அந்தச் சொல்லின் மேல் ஒட்டிக்கொண்டது. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால், இதே வேலையைச் செய்பவரைத் தமிழில் 'மருத்துவமாது' என்கிறார்கள். அரசுப் பணி, சீருடை, தனக்கென்று ஒரு பகுதி, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் பொறுப்பு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து அந்த ஏற்பாடு வளர்ந்தது. நம்மைவிடச் சின்ன நாடு, தாய் இறப்பு விகிதமோ நெடுநாளாகவே நம்முடையதைவிடக் குறைவு.

நீங்கள் வெளியே போன பிறகு உங்கள் மகள் ஒரு நிமிடம் நின்று என்னிடம் ஒன்று சொன்னாள். வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். போன வருடம் அவள் சித்தியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தபோது, பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். குழந்தை வந்தது, ஆனால் அழவில்லை. சிஸ்டர் ஒருவர் பதறாமல் துண்டால் துடைத்து, முதுகைத் தேய்த்து, தலையைச் சற்றே நிமிர்த்தி வைத்து, மூக்கையும் வாயையும் மூடும் சின்ன முகமூடியைப் பொருத்திப் பையை அமுக்கியிருக்கிறார். ஒன்று, இரண்டு என்று இவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாளாம். முப்பதைத் தாண்டியதும் அழுகை கேட்டதாம். "டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது மேடம்" என்றாள். மூச்சுவிடாத குழந்தைக்கு அந்த முதல் ஒரு நிமிடம்தான் எல்லாம். பொன்னான நிமிடம் என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். அண்ணாச்சி, பதினேழு வயதில் ஒரு வேலையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டுக் கேட்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் வருவதில்லை.

தாயின் பக்கமும் பாருங்கள். பிரசவத்தில் தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, குழந்தை பிறந்தபின் நிற்காத இரத்தப்போக்கு. எவ்வளவு போனது என்று கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான் காலங்காலமாக வழக்கம், அதில் பலமுறை தப்புக் கணக்கு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாலு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. தாயின் இடுப்புக்கடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் முனையில் பை, பையில் அளவுக்கோடுகள். இரத்தம் கோட்டைத் தொட்டதும் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு நிற்காமல் கருப்பையைத் தேய்த்துவிடுதல், மருந்து, இரத்தக்குழாய் வழியாகத் திரவம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதற்குத் தேர்ந்த ஒரு பெண் வேண்டும், அவ்வளவே.

அந்தப் பெண்கள்தான் உலகத்தில் போதவில்லை. 2021இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் உலக சுகாதார அமைப்பும் சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்றது. அவர்கள் எல்லா இடத்திலும் இருந்து முழுமையாக வேலை செய்தால், தாய் இறப்பிலும் பச்சிளங்குழந்தை இறப்பிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 2023இல் மட்டும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள்.

இந்தியா முன்னேறவில்லையா என்று கேட்பீர்கள். முன்னேறியிருக்கிறது. உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 398 என்றிருந்த தாய் இறப்பு (1997-98), 2018-20இல் 97ஆக இறங்கியது. மகாராஷ்டிரத்தில் அப்போது 33. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 47 சதவீதம் சிசேரியன். அத்தனைக்கும் கத்தி தேவைப்பட்டதா என்று எந்த மகப்பேறு மருத்துவரையும் தனியே கேட்டுப் பாருங்கள். சுகப்பிரசவத்துக்குப் பொறுமையாகக் கூட இருந்து, சிக்கல் தெரிந்தால் மட்டும் டாக்டரை அழைக்கும் ஆள் வேண்டும் என்றுதான் 2018இல் மத்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இனி படிப்பு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பிரிட்டனில் இருப்பதுபோல நேராக மருத்துவச்சிப் பட்டம் படித்து வேலைக்குப் போகும் வழி இங்கே வழக்கத்தில் இல்லை. நர்சிங் வழியாகத்தான் போக வேண்டும். நாலு வருட பி.எஸ்சி. நர்சிங் அல்லது மூன்று வருட ஜி.என்.எம். என்ற நர்சிங், மருத்துவச்சி டிப்ளமோ முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்தால், செவிலியர், மருத்துவச்சி என்று இரண்டுக்கும் பதிவு கிடைக்கும். பிறகு பிரசவ வார்டில் அனுபவம். அதன்பின் 18 மாதப் பயிற்சி, அதை முடித்தால் மருத்துவச்சிப் பணியில் சிறப்புத் தகுதி பெற்ற செவிலியர் (நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி) ஆகலாம். தெலங்கானா 2017லேயே இதைத் தொடங்கிவிட்டது.

என் அபிப்பிராயம், மகளை பி.எஸ்சி.யில் சேருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எல்லாம் எடுத்திருக்கிறாள், மதிப்பெண்ணும் போதும். மாநில நுழைவுத் தேர்வுப் பிரிவின் அறிவிப்பைக் கவனியுங்கள். ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டே வருடம்தான், சீக்கிரம் சம்பளம் வரும் என்று யாராவது சொல்வார்கள். மோசமான படிப்பு இல்லை, ஆனால் இவள் கேட்கும் இடத்துக்கு அது சுற்றுவழி. சர்ச்கேட்டில் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. கிடைக்காவிட்டால் கே.இ.எம்., சயான், நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளின் நர்சிங் பள்ளிகளையும் பாருங்கள். "நுழைவுத் தேர்வே வேண்டாம், பெங்களூரில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று வரும் ஏஜென்ட்டை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். போன வருடம் என்னிடம் வந்த ஒரு குடும்பம் அப்படி இரண்டு லட்சத்தை இழந்தது. கல்லூரிக்கு அங்கீகாரமே இல்லை.

உங்களுக்குச் சங்கடமான இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பிரசவ வார்டுக்காகவே பயிற்சி பெற்ற செவிலியரைத் திடீரென்று அறுவை சிகிச்சை வார்டுக்கு மாற்றுவது இன்னும் நடக்கிறது. தனி மருத்துவச்சிப் பணியிடங்கள் இப்போதுதான் உருவாகிவருகின்றன, நாளைக்கே வேலை என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் கையில் நர்சிங் பதிவு இருப்பதால் பிழைப்புக்குப் பயமில்லை. வெளிநாட்டுக் கனவு இருந்தால், பிரிட்டனில் மருத்துவச்சிக்குத் தனிப் பதிவேடு. இங்கே வாங்கிய இரட்டைப் பதிவு அங்கே நர்ஸ் பதிவுக்கு உதவலாம், மருத்துவச்சியாக அப்படியே ஏற்க மாட்டார்கள்.

நைட் டியூட்டி பற்றி உங்கள் வீட்டில் கேட்டார்களாமே. உண்டு. குழந்தைகள் நேரம் பார்த்தா பிறக்கின்றன? விடுதி இருக்கும் கல்லூரியாகப் பாருங்கள். உங்கள் மகளுக்குத் தமிழும் மராத்தியும் இந்தியும் சரளம். வலியில் துடிக்கும் பெண்ணிடம் அவள் பாஷையிலேயே பேசும் சிஸ்டர் கிடைப்பது இந்த ஊரில் லேசில்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மகாராஷ்டிர டொமிசைல் (வசிப்பிடச் சான்றிதழ்) எல்லாம் வேண்டும். ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்குப் பொதுவாகச் செல்லாது. குடும்பம் எந்த வருடம் பம்பாய் வந்தது என்பதற்குப் பழைய காகிதம் ஏதாவது அப்பா பெட்டியில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பார்க்கலாம். இந்த முறை மகளை முதலில் பேசவிடுங்கள்.