ஒரிஜினல் மார்க் ஷீட்டோடு வரச் சொல்கிறார் கடைக்காரர்: சேரலாமா?

கேள்வி: பி.காம். முடித்து, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலியும் படித்திருக்கிறேன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே பஜாரில் ஒரு ரெடிமேட் கடையில் பில்லிங் வேலைக்கு இன்டர்வியூ என்று வரச் சொன்னார்கள். பதினோரு மணி என்றவர்கள் ஒன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை நின்றுகொண்டே இருந்தேன். அங்கே வேலை பார்க்கும் எட்டுப் பேரும் ரேக்கில் சாய்ந்துதான் நிற்கிறார்கள், ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கல்லாப் பக்கத்தில், துணி எடுக்க வந்தவர்கள் முன்னாலேயே, எந்த ஊர், எந்தத் தெரு, கல்யாணம் எப்போது என்று கேட்டார் முதலாளி. டேலி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. 'முதல் மூணு நாள் டிரையல். சம்பளம் வேலையப் பாத்துட்டுப் போடுறேன். திங்கக்கிழமை ஒரிஜினல் மார்க் ஷீட்டோட வாம்மா' என்றார். அன்று ராத்திரி பத்தரை மணிக்கு அவருடைய மகன் வாட்ஸ்அப்பில் 'சாப்டாச்சா?' என்று கேட்கிறார். வீட்டில் பணம் தேவை. சேரலாமா?

பதில்: இருபது வருடமாகச் சின்னக் கடைகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். எட்டுப் பேர் உள்ள கடையில் இன்டர்வியூவுக்கென்று தனி அறை இருக்காது. சரக்கு வந்து இறங்கினால் முதலாளி அதைத்தான் பார்ப்பார். காக்க வைத்ததையும் கல்லாப் பக்கத்தில் வைத்துப் பேசியதையும் நான் பெரிதாக எடுக்கமாட்டேன். ஆனால் உங்கள் காகிதம், உங்கள் கூலி, நீங்கள் என்கிற ஆள், இந்த மூன்றில் கை வைத்தால் அப்படி விட முடியாது.

தெருவைக் கேட்பது எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் அண்ணாச்சி, நேரத்துக்கு வந்துருவேன்' என்று பேச்சை வேலைக்குக் கொண்டுவாருங்கள். கல்யாணக் கேள்விக்கும் அவ்வளவுதான். ஒரே வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆண், பெண் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது.

மார்க் ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு மஞ்சப்பை இருந்தது. உள்ளே பதினோரு பேருடைய ஒரிஜினல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். 'தீபாவளி முடியட்டும்மா' என்றார் முதலாளி. தீபாவளி முடிந்தபோது அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விட்டிருந்தது. அந்தப் பெண் கடை வாசலில் நின்று அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சீசன் நேரத்தில் ஆள் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் சான்றிதழைப் பிடித்து வைக்கிறார்கள். பீஸ் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைத்த கல்லூரிகளிடம், அது பணத்துக்கு ஈடாக வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், செராக்ஸை மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள், திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் தரவில்லை என்றால் அந்தக் கடித நகலோடு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள்.

டிரையல் என்று பெயர் வைத்தாலும் மூன்று நாள் பில் போட்டால் அது வேலைதான், அதற்குக் கூலி உண்டு. கடைகளுக்கென்று அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் இருக்கிறது. அதில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் மாறும். இப்போதைய தொகையைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நேரத்தையும் கேட்டுவிடுங்கள். 1947-ம் வருடத்துக் கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. மிகைநேரம் சேர்த்தாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அந்த மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். பேசி முடித்த அன்றே முதலாளிக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: 'அண்ணாச்சி, வணக்கம். இன்று பேசியபடி மாதச் சம்பளம் இவ்வளவு, நேரம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, வார லீவு இந்தக் கிழமை, டிரையல் நாளுக்கும் சம்பளம் உண்டு. சரிதானே?' அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், பின்னால் சம்பளப் பிரச்சினை வந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

அந்த ஸ்டூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடிய பிறகு கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் அதே கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் அது. எட்டுப் பேரை நாள் முழுக்க நிற்க வைப்பவர் உங்களுக்கு மட்டும் நாற்காலி போடமாட்டார். ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரம் அந்தப் பக்கம் போய், வெளியே வரும் அக்காக்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சம்பளத் தேதி, பிடித்தம், வாய்ப்பேச்சு எல்லாம் பஸ்ஸுக்கு நடக்கிற ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மற்றவற்றைப் பேசிச் சரிசெய்யலாம். எனக்குக் கவலை தருவது அந்தப் பத்தரை மணி மெசேஜ்தான். வேலைக்கென்று வாங்கிய நம்பரை முதலாளியின் மகன் வேறு எதற்கோ எடுக்கிறார். பதில் போடாதீர்கள், அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அது ஆபாசமாகவோ தொல்லையாகவோ போனால், 2013-ம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். புகார் செய்ய அந்த இடத்தில் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, இன்டர்வியூவுக்குப் போன பெண்ணும் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்பதால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். கலெக்டர் ஆபீஸில் சமூகநல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழையுங்கள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் வீட்டுப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலாளிக்கு போன் போடுங்கள். 'வேலை விஷயம் எதுவானாலும் நீங்களே கடை நேரத்தில் பேசுங்க அண்ணாச்சி, தம்பி ராத்திரியில மெசேஜ் போடுறது எங்களுக்குச் சரியா படல' என்று சொல்லுங்கள். அவர் சங்கடப்பட்டு, 'நான் கண்டிக்கிறேம்மா' என்றால், செராக்ஸோடு போய்ச் சம்பளம் பேசிப் பாருங்கள். 'அவன் சும்மா கேட்டிருப்பான்' என்று சிரித்தால் சேராதீர்கள். டேலி தெரிந்தவர்களை ஆடிட்டர் அலுவலகங்களிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் தேடுகிறார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள். பணத் தேவை எவ்வளவு நெருக்குகிறது என்று புரிந்துதான் இதைச் சொல்கிறேன். முதலாளி என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள்.