நைட்ஃபால் இன் மிடில்-எர்த்: கேள்வி பதில்

ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரத்திலிருந்து வந்த பிளைண்ட் கார்டியன் மெட்டல் இசைக்குழுவினர் 1998-இல் வெளியிட்ட இந்த ஆல்பத்தைப் பற்றி அனுப்பப்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். பாடல்களுக்கும் அவற்றின் மூலமான, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கற்பனைக் கதைக்கும் உள்ள உறவைத்தான் நான் ஆழ்ந்து கவனித்து வந்திருக்கிறேன். ஆகையால் அது குறித்த கேள்விகளுக்கே விரிவாகப் பதில் சொல்ல முடியும்.

கே: டோல்கீனின் எந்த நூலையும் படித்ததில்லை. ஆல்பம் புரியுமா?

ப: இசை முழுமையாகப் பிடிபடும், கதை பாதிதான் பிடிபடும். இதன் மூலநூல் 'சில்மரில்லியன்'. டோல்கீன் 1973-இல் மறைந்த பிறகு அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-இல் வெளியிட்ட நூல் அது. முதலில் ஒருமுறை ஆல்பத்தைக் கேளுங்கள். பிறகு இருளின் தலைவன் மோர்கோத் ஒளிமணிகளைத் திருடுவதையும், அவற்றைச் செய்த ஃபியனோர் என்ற எல்ஃப் (சாவற்ற ஒரு கற்பனை இனத்தவன்) அவற்றை மீட்கச் சபதம் எடுப்பதையும் சொல்லும் அத்தியாயங்களைப் படித்துவிட்டு மறுபடி கேளுங்கள். எப்போது கேட்டாலும் பாடல்களை வரிசை மாற்றி ஒலிக்கும் ஷஃபிளை அணைத்து வையுங்கள்.

கே: 22 டிராக்குகளில் பாதி வெறும் பேச்சும் காற்றொலியுமாக இருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டுப் பாடல்களை மட்டும் கேட்டால் என்ன?

ப: 11 பாடல்கள், அவற்றுக்கிடையே 11 சிறு இணைப்புகள் என்பது சரியான கணக்கு. ஆனால் ஏறத்தாழ 65 நிமிடம் ஓடும் ஆல்பத்தில், தொடக்கத்தில் வரும் 'வார் ஆஃப் ராத்' தவிர மற்ற இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. அந்தத் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல்வி நெருங்கிய வேளையில் தப்பிச் செல்லுமாறு சாரோன் தன் தலைவன் மோர்கோத்திடம் சொல்கிறான். மோர்கோத் அவனை அனுப்பிவிட்டு, நடந்தவற்றை நினைத்துப் பார்க்கத் தொடங்குகிறான். இதன் பிறகு வரும் அனைத்தும் தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவனின் நினைவோட்டத்துக்குள் வந்து அமர்கிறது. அதை வெட்டினால் 'இன்டூ தி ஸ்டார்ம்' வேகமான ஒரு முதல் பாடலாக மட்டுமே எஞ்சும்.

கே: பாடகர் ஹான்ஸி கியூர்ஷ் பேஸ் கிட்டார் வாசிப்பதை ஏன் விட்டார்?

ப: பாடுவதில் முழுக் கவனம் செலுத்துவதற்காக. இந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் ஆலிவர் ஹோல்ட்ஸ்வார்த். அந்த முடிவின் பலன் குரல் அடுக்குகளில் தெரிகிறது: 'நைட்ஃபால்' பாடலின் பல்லவியில், தனிக்குரலாகத் தொடங்கும் துக்கம் ஒரு குலம் முழுவதும் சேர்ந்து அழுவதைப் போல விரிகிறது.

கே: ஆந்த்ரே ஓல்பிரிஷ் எந்த ஆம்ப்ளிஃபயர், எந்த பிக்கப் பயன்படுத்தினார்?

ப: இது கிட்டார் கலைஞர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கே: இணைப்புகள் குறித்த பதிலை நான் ஏற்கவில்லை. நல்ல பாடல் என்றால் முன்னுரை இல்லாமலே தன் காலில் நிற்க வேண்டும் அல்லவா?

ப: நிற்கின்றன. 'மிரர் மிரர்' எந்த மேடையிலும் தனியாகவே கூட்டத்தை எழுப்பிவிடும். ஆனால் 'கேப்சர்ட்' என்ற இணைப்பையும் அதையடுத்து வரும் 'பிளட் டியர்ஸ்' பாடலையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். இணைப்பில் மோர்கோத் தன்னிடம் சிறைப்பட்ட ஃபியனோரின் மகன் மேத்ரோஸிடம் பேசி அவனை மலையில் சங்கிலியால் பிணைக்கிறான். பாடலில் அதே மேத்ரோஸ் தன் வதையையும் மீட்பையும் சொல்கிறான். வதைப்பவனின் குரலுக்குப் பின் உடனே வதைபட்டவனின் குரல் வருவதில்தான் அந்தப் பாடலின் வலி இருக்கிறது. அதேபோல, 'பேட்டில் ஆஃப் சடன் ஃபிளேம்' என்ற இணைப்பு மோர்கோத்தின் கோட்டையைச் சூழ்ந்திருந்த முற்றுகை தீயில் உடைந்த போரைச் சொன்ன பிறகே, 'டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்' பாடலில் எல்ஃப் மன்னன் ஃபிங்கோல்ஃபின் தன்னந்தனியாகப் பகைவனின் வாசலுக்குக் குதிரையேறிச் செல்கிறான். மூலக்கதையில் அவன் மோர்கோத்தை ஏழு முறை காயப்படுத்தி, சாகும் தறுவாயில் அவனுடைய காலையும் வெட்டுகிறான். முந்தைய அழிவை அறியாமல் அந்தப் பாடலைக் கேட்பவருக்கு வீரம் மட்டும் தெரியும், நம்பிக்கை அற்றுப்போனது தெரியாது.

கே: அப்படியானால் இது கதையை வரிசையாகச் சொல்லும் ஆல்பம்தானே? அந்த வரிசையை ஷஃபிள் கெடுக்கிறது என்கிறீர்களா?

ப: இந்த விவாதத்தில் எழுந்த மிக நல்ல கேள்வி இது. இது நூலின் வரிசை அன்று. கோண்டோலின் என்ற எல்ஃப் நகரம் எழுவதைப் பாடும் 'மிரர் மிரர்' முன்னால் வருகிறது. அதற்கு வெகு காலம் முன்பே பனிவெளியைக் கடந்து வந்த எல்ஃப் கூட்டத்தைப் பாடும் 'நோல்டோர்' பின்னால் வருகிறது. நினைவு ஆண்டுக் கணக்குப்படி நடப்பதில்லை என்பதால் இந்தப் பிறழ்ச்சி எனக்குக் குறையாகப் படவில்லை. ஒவ்வொரு பாடலிலும் பேசுகிறவர் மாறுகிறார். கோபத்துக்குப் பின் குற்றவுணர்வு, போருக்குப் பின் தனிமை என்று உணர்ச்சியை ஒட்டியே அடுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் பியானோவையும் குரலையும் மட்டுமே நம்பி நிற்கும் 'தி எல்டார்' ஃபின்ராட் மன்னனின் விடைபெறல். அடுத்து வரும் 'நோம் தி வைஸ்' அவனுக்காக அவனுடைய மனிதத் தோழன் பெரென் பாடும் இரங்கல். ஷஃபிள் சிதைப்பது இந்த அடுக்கைத்தான்.

கே: நூலைப் படிக்காமல் கேட்கலாமா?

ப: முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

கே: அட்டைப்படத்தில் நடனமாடும் பெண் யார்?

ப: பெரெனின் காதலி லூத்தியன். மோர்கோத்தின் முன் அவள் ஆடும் காட்சியை ஆந்த்ரேயாஸ் மார்ஷல் வரைந்திருக்கிறார். அந்த நடனத்துக்கென்று ஆல்பத்தில் தனிப்பாடல் இல்லை. ஓவியமே அந்த இடத்தை நிரப்புகிறது.

கே: 2007-இல் வந்த பதிப்பில் என்ன கூடுதல்?

ப: ஒலி மறுசீரமைப்பும், 'ஹார்வெஸ்ட் ஆஃப் சாரோ' என்ற கூடுதல் பாடலும். ஆல்பத்தின் கடைசி இணைப்பான 'ஃபைனல் சாப்டர்' முடிந்ததும் நிறுத்திவிட்டு, அதைத் தனியாகக் கேளுங்கள்.

கே: புத்தகம் நீளமாக இருக்கிறது. பாடல் வரிகளை மட்டும் படித்தால் போதாதா?

ப: போதாது. பேசுகிறவர் யார் என்பதை வரிகள் பல இடங்களில் சொல்வதில்லை. இதே கேள்வியை மீண்டும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கே: இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்?

ப: 1995-இல் வந்த 'இமாஜினேஷன்ஸ் ஃப்ரம் தி அதர் சைட்'. அதையும் டென்மார்க்கின் ஃப்ளெமிங் ராஸ்முஸன்தான் தயாரித்தார். கிட்டாரின் கூர்மை அதில் அதிகம். குரல் அடுக்குகள்தான் உங்களைக் கவர்ந்தன என்றால் 2002-இல் வந்த 'எ நைட் அட் தி ஓபரா'வுக்குச் செல்லுங்கள். அதன் இறுதிப் பாடல் ட்ரோஜன் போரைப் பற்றியது, பதினான்கு நிமிடம் ஓடும்.