செவ்வாயில் உயிர் தேட ஆசைப்படும் மகளுக்கு ராக்கெட் படிப்பு எதற்கு?

மகள் செவ்வாயில் உயிர் தேடும் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், தாய்மாமன் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறதம்மா. ஆனால் வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

ராக்கெட் கட்ட ஆசைப்படும் பிள்ளைக்கு அந்தப் படிப்பு சரி. உங்கள் மகளின் ஆசை வேறு. ஒரு கல்லில் என்றோ உயிர் இருந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிறாள். அதைக் கற்றுத்தருவது ஜியாலஜி, அதாவது பாறைகளைப் படிக்கும் நிலவியல்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில், சுமார் 348 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில், நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து விட்டுப்போன ஸ்ட்ரோமடோலைட் அடுக்குகள் இருக்கின்றன. 2021-ல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியது, ஒருகாலத்தில் ஏரியாக இருந்த ஜெசெரோ பள்ளத்தில். அதற்கு முன்பே, 2019-ல், நாசா விஞ்ஞானிகள் பில்பராவுக்குப் போய் செவ்வாயில் இதுபோன்ற தடயத்தை அடையாளம் காண, இந்தப் பாறைகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அந்தச் சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் வேலை இது. அதிலும் ஏமாறலாம். பில்பரா பாறையில் கண்ட நுண்ணிய இழைகளை 1993-ல் வில்லியம் ஷாப்ஃப் என்ற விஞ்ஞானி பாக்டீரியாப் புதைபடிவம் என்றார். 2002-ல் மார்ட்டின் பிரேசியர் என்ற விஞ்ஞானியின் குழு, அது வெந்நீர் ஊற்றின் வேதிவினையில் உருவானது என்று மறுத்தது. கையில் இருக்கும் கல்லிலேயே இவ்வளவு சண்டை! 2024-ல் ஊர்தி செவ்வாய்ப் பாறையில் கண்ட, சிறுத்தையின் தோலில் இருப்பது போன்ற புள்ளிகளைச் சுற்றியும் இதே கேள்விதான்: உயிர் செய்ததா, வெறும் வேதியியலா?

சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடியும். அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., பிஎச்.டி.க்கு லக்னோவில், புதைபடிவங்களை ஆராயும் பீர்பால் சஹானி நிறுவனம். வேதியியலை மட்டும் அவள் விட்டுவிடக் கூடாது.

ஒன்றை மறைக்க மாட்டேன். வேற்றுக்கிரக உயிர் ஆராய்ச்சிக்கு இந்தியாவில் வேலையிடங்கள் மிகக் குறைவு. ஆனால் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போகலாம். சோற்றுக்கு வழி உண்டு.

பெண் பிள்ளை சுத்தியலோடு மலை மலையாக அலைவாளா என்று மாமா அடுத்துக் கேட்பார். அதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். அவளைக் கேளுங்கள். அலைவேன் என்றால், அரசு கல்லூரி விண்ணப்பத்தில் ஜியாலஜியை முதல் விருப்பமாகப் போடுங்கள்.