பொத்தான் எங்கே இருக்கிறது?

கேள்வி: செயற்கை நுண்ணறிவின் கையில் அணு ஆயுத பொத்தான் போய்விட்டால் உலகம் என்ன ஆகும்? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)
— ஒரு வாசகர், தேனி

பதில்: பெயரை எடுத்துவிட்டேன். ஐ.நா. பாதுகாப்புச் சபையே ஆள் அனுப்பி விசாரித்தாலும் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

கேள்வியில் ‘அணு ஆயுத பொத்தான்’ என்று ‘ப்’ போடாமல் எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே திருத்தாமல் விட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், உலகமே அழிந்தாலும் ஒற்றுப் பிழையோடு அழியக்கூடாது என்ற கொள்கை உடையவர், பதினைந்து வருடமாக எனக்கு அஞ்சலட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் அவருக்கும் ஏதாவது வேலை வேண்டாமா?

சரி, பொத்தானுக்கு வருவோம். அப்படி ஒன்று கிடையாது ஐயா. 2018 புத்தாண்டு உரையில் வடகொரியாவின் கிம் ஜாங் உன், அணு ஆயுதப் பொத்தான் எப்போதும் தன் மேசைமேல் இருக்கிறது என்றார். உடனே டிரம்ப், தன்னிடம் இருப்பது அதைவிடப் பெரியது, அது வேலையும் செய்யும் என்று ட்வீட் போட்டார். இரண்டு நாட்டுத் தலைவர்கள் பட்டன் கடை வாசலில் நின்று அளவு பார்ப்பதுபோல் பேசியதில், உலகம் முழுக்க எல்லோர் மனத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் நிலைத்துவிட்டது.

உண்மையில் அமெரிக்க அதிபருக்குப் பின்னால் ஓர் அதிகாரி கறுப்புப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிவார். அதன் செல்லப் பெயர் ‘ஃபுட்பால்’. அதிபரின் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கும். அதற்குச் செல்லப் பெயர் ‘பிஸ்கட்’. பந்து, பிஸ்கட் என்று ஏதோ நர்சரி பள்ளி இடைவேளைபோல இருக்கிறது. அட்டையில் இருக்கும் எழுத்துகளைப் படித்துத் தான்தான் அதிபர் என்று நிரூபித்துவிட்டு, வாயால்தான் உத்தரவிட வேண்டும். கிளிண்டன் காலத்தில் அந்த அட்டை மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தது என்று அப்போதைய படைத் தளபதி ஹியூ ஷெல்டன் பிற்பாடு எழுதினார். என் ரேஷன் கார்டை இரண்டு நாள் காணவில்லை என்றாலே வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும்.

உத்தரவு போய்ச் சேரும் இடத்திலும் பொத்தான் இல்லை. பூமிக்கடியில் இரண்டு அதிகாரிகள், ஒருவரே இரண்டையும் திருப்ப முடியாத தூரத்தில், ஆளுக்கொரு சாவியை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். பொத்தானும் போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்த சொல், சாவியும் அவர்கள் கொடுத்ததே. கிம் சொன்ன மேசையும்தான். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்காமல் போயிருந்தால், நீங்கள் இந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது ஒரு பழைய வழக்கு. ‘கணினி’ என்றுதான் எழுத வேண்டும், ‘கணிப்பொறி’ பழைய பஞ்சாங்கம் என்று இன்னொரு பத்திரிகையின் ஆசிரியர் ஒருகாலத்தில் என்னோடு மல்லுக்கு நின்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, இப்போதும் மாட்டேன். பொறி என்றால் இயந்திரம். எலி பிடிக்கும் கூண்டும் பொறிதான். கண், காது, மூக்கும் பொறி. திடீரென்று மூளையில் தட்டுவதும் பொறி. இவ்வளவையும் உள்ளடக்கிய சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘னி’யை ஒட்டவைத்து என்ன கண்டோம்? இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதம் எனக்கு ஓர் அபராதச் செய்தி வந்தது. சீட் பெல்ட் போடாமல் வண்டி ஓட்டியதற்காக ஆயிரம் ரூபாய். வண்டி எண் சரி, என் பெயர் சரி. வண்டி மட்டும் ஸ்கூட்டர். நேரில் போய் வண்டியையே காட்டினேன். அங்கே இருந்தவர் ஸ்கூட்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வருது” என்றார்.

1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிப் பதினைந்து நிமிடம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற ரகசியக் கண்காணிப்பு நிலையத்தில் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருக்கிறார். அமெரிக்க ஏவுகணைத் தளங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சோவியத் செயற்கைக்கோள் ஏவுகணை ஒன்று கிளம்பிவிட்டது என்கிறது. திரையில் சிவப்பு எழுத்து, காதைக் கிழிக்கும் சங்கு. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று மொத்தம் ஐந்து. தகவலின் நம்பகத்தன்மை மிக உயர்ந்தது என்று கணிப்பொறியே சான்றிதழும் கொடுக்கிறது.

காலம் எப்படிப்பட்டது என்றால், செப்டம்பர் 1 அன்றுதான் சோவியத் போர் விமானம் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். பெத்ரோவ் செய்ய வேண்டியதெல்லாம் திரையில் வந்ததை மேலே சொல்வது மட்டுமே. சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கம்ப்யூட்டர்ல அப்படித்தானே வருது?

கணிப்பொறி ஒன்று சொல்ல, அவருக்கு வேறொரு பொறி தட்டியது. உலகப் போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடா தொடங்குவான்? தரையில் இருக்கும் ராடாருக்கு எதுவும் தெரியவில்லையே? இந்தச் செயற்கைக்கோள் ஏற்பாடு புதிது, அவசரமாகப் பயன்பாட்டுக்கு வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். தவறான எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நிச்சயமாகத் தெரிந்து சொல்லவில்லை, பாதிக்குப் பாதிதான் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். உயரத்தில் இருந்த மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணையின் நெருப்பு என்று நினைத்திருந்தது.

அரசாங்கம் அவருக்கு என்ன செய்தது தெரியுமா? பதிவேட்டை ஏன் எழுதவில்லை என்று கண்டித்தது. ஒரு கையில் தொலைபேசி, இன்னொரு கையில் ஒலிபெருக்கி, மூன்றாவது கை எனக்கு இல்லையே என்றார் மனிதர். உலகத்தில் எந்த அரசு அலுவலகமாக இருந்தாலும் பதிவேடு பதிவேடுதான். 2017 மே மாதம் அவர் இறந்தார். செப்டம்பரில் ஜெர்மனி நண்பர் ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் வெளியுலகத்துக்கு அது தெரியவந்தது.

அமெரிக்கர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? 1979-இல் யாரோ பயிற்சிக்கான நாடாவை நிஜ ஏற்பாட்டில் ஓடவிட்டு, திரை முழுக்க சோவியத் ஏவுகணைகள் வந்தன. 1980-இல் 46 சென்ட் விலையுள்ள ஒரு கணிப்பொறிச் சில்லு கெட்டுப்போய், பூஜ்யம் வரவேண்டிய இடங்களில் 2 வந்தது. வந்துகொண்டிருக்கும் ஏவுகணைகளின் எண்ணிக்கை 2 என்றது, 220 என்றது, 2,200 என்றது. அந்தக் காலத்தில் அதிபர் கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரசின்ஸ்கியை இப்படி ஒரு தவறான எச்சரிக்கைக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பினார்கள். அவர் மனைவியை எழுப்பவில்லையாம். அரை மணி நேரத்தில் எல்லோரும் சாகப்போகிறோம், அவளாவது தூங்கட்டும் என்று. இதை எழுதியவர் பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் கேட்ஸ். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, எழுப்பியிருந்தால் எந்த நம்பரிலிருந்து போன் வந்தது என்று பார்த்திருப்பாள் என்றாள்.

2018 ஜனவரியில் ஹவாய் மக்களின் போனுக்கெல்லாம் ஏவுகணை வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள், இது ஒத்திகை அல்ல என்று செய்தி போயிற்று. தவறு என்ற மறுசெய்தி வர 38 நிமிடம். ஆளுநர் டேவிட் ஐகேவுக்கு இடையிலேயே உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் ட்விட்டர் பாஸ்வேர்டு நினைவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் என் இனம்.

நம் வீட்டுக் கதையைச் சொல்லாவிட்டால் தேனி வாசகர் கோபித்துக்கொள்வார். 2022 மார்ச் 9 மாலை நம்முடைய பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறிக் கிளம்பிப் போய்ப் பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் தள்ளி மியான் சன்னு ஊர்ப் பக்கம் விழுந்தது. பிரம்மபுத்திரா, மாஸ்க்வா என்று இரண்டு நதிகளின் பெயரைச் சேர்த்து வைத்தார்கள், அதுவும் நதிபோலவே எல்லை பார்க்காமல் போயிருக்கிறது. நல்லவேளை, வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. மறுநாள் மாலை பாகிஸ்தான் ராணுவம் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னது. 11-ஆம் தேதி நம் அரசு, பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்றது. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம்.

ஏவுகணை சோதிப்பதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாடுகளும் 2005-இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அது உயரே ஏறி வளைந்து வந்து விழும் பாலிஸ்டிக் ரகத்துக்கு மட்டும். பிரமோஸ், விமானம்போலத் தாழப் பறக்கும் க்ரூஸ் ரகம், ஒப்பந்தத்தில் சேராது. சேர்ந்திருந்தாலும், தவறிக் கிளம்புகிற ஏவுகணை சொல்லிவிட்டா கிளம்பும்? வருவதன் வயிற்றில் அணுகுண்டு இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று எந்த ராடாருக்கும் தெரியாது. பார்த்தவர்கள் பொறுத்தார்கள். பொறுக்க அவகாசம் இருந்தது, ஏனென்றால் எல்லையில் அன்று வேறு சத்தம் இல்லை. இதே பிரமோஸ் 2025 மே மாதத்தில், இரண்டு பக்கமும் ட்ரோன்கள் பறந்துகொண்டிருந்த அந்த இரவுகளில் ஒன்றில், தப்பிக் கிளம்பியிருந்தால்? 2025 தொடக்கத்தில் சுமார் 180 அணுகுண்டு இங்கே, 170 அங்கே இருந்தன என்று ஸ்டாக்ஹோமில் கணக்கு எழுதுகிற சிப்ரி நிறுவனம் சொல்கிறது. தூரமோ சில நிமிடம்.

இப்போது உங்கள் கேள்வி. 2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமாவில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்து, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அதனால் பொத்தான், இல்லாத அந்தப் பொத்தான், செயற்கை நுண்ணறிவின் கைக்குப் போகாது என்று வைத்துக்கொள்வோம். அது பொத்தானைக் கேட்கவும் இல்லை. ஆயிரம் படங்களை அலசி, வருவது ஏவுகணை, வாய்ப்பு 97 சதவீதம், உங்களுக்கு ஆறு நிமிடம் என்று திரையில் போடும் வேலையைத்தான் அதற்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். எதிரே பெத்ரோவ் உட்கார்ந்திருந்தால் நமக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கும்போது, கணிப்பொறி சொன்னதைக் கேட்காமல் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தவர் என்பதைத் தகுதியாகவா எழுதுவார்கள்?

என்னிடம் அபராதம் கேட்டவரும் மனிதர்தான். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டேன். ஸ்கூட்டருக்கு சீட் பெல்ட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த வாசகர்கள் எழுதலாம்.