சிறுத்தை இல்லை என்று குரங்கு சொல்லுமா?

கேள்வி: குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரலும் கழுகுக்கு வேறு குரலும் எழுப்புகின்றன என்று படித்துவிட்டு வந்த என் பேரன், "அப்படியானால் குரங்குக்கும் மொழி இருக்கிறதுதானே, பாட்டி?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது? (வாசகி, தென்காசி)

பதில்: உங்கள் பேரன் படித்தது உண்மை. கென்யாவின் அம்போசெலி பகுதியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கும் கழுகுக்கும் பாம்புக்கும் வெவ்வேறு எச்சரிக்கைக் குரல் கொடுக்கின்றன. அந்த வேறுபாடு அச்சத்தின் அளவை மட்டுமே காட்டுகிறதோ என்ற ஐயத்தைத் தீர்ப்பதற்காக, ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் ஆகியோர் அக்குரல்களைப் பதிவுசெய்து, பகை விலங்கு எதுவும் அருகில் இல்லாத வேளையில், மறைத்துவைத்த ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். சிறுத்தைக் குரலைக் கேட்ட குரங்குகள் மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன, அல்லது புதருக்குள் ஓடின. பாம்புக் குரலுக்கோ பின்னங்கால்களில் எழுந்து நின்று சுற்றிலும் இருந்த புல்லை உற்று நோக்கின. 1980இல் வெளியான இந்த ஆய்வைப் படிப்பவருக்கு, இவை சொற்களே என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் வாழும் பச்சைக் குரங்குகள் வெர்வெட்டுக்கு நெருங்கிய உறவினம். அவற்றின் தலைக்கு மேல் ஆய்வாளர்கள் ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டபோது, அப்படி ஒன்றை முன்பு கண்டிராத அந்தக் குரங்குகள் எழுப்பிய குரல், கண்டத்தின் மறுகோடியில் உள்ள வெர்வெட்டுகளின் கழுகுக் குரலைப் பெரிதும் ஒத்திருந்தது. குரல் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. எதைக் கண்டு அதை எழுப்புவது என்பதைத்தான் குட்டி பழகிக்கொள்கிறது. உதிரும் இலைக்குக்கூடக் கழுகுக் குரல் கொடுக்கும் வெர்வெட் குட்டி, வளர வளர அதை உண்மையான பகைப்பறவைக்கு மட்டுமே எழுப்பக் கற்கிறது. உங்கள் பேரனோ தென்காசியில் வளர்ந்ததால் தமிழ் பேசுகிறான். டோக்கியோவில் வளர்ந்திருந்தால் ஜப்பானிய மொழி பேசியிருப்பான்.

அதைவிட முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. வெர்வெட்டால் "சிறுத்தை இல்லை" என்று சொல்ல முடியாது. நேற்று வந்த சிறுத்தையைப் பற்றியும் நாளை வரக்கூடிய சிறுத்தையைப் பற்றியும் அதனிடம் பேச்சே கிடையாது. கண்ணெதிரே இல்லாத ஒன்றைத் தெரிவிப்பதில் தேனீ அதனை விஞ்சிவிடுகிறது. கார்ல் ஃபான் ஃபிரிஷ் கண்டறிந்து 1973இல் நோபல் பரிசு பெறக் காரணமான, பூக்கள் இருக்கும் இடத்தை மற்றத் தேனீக்களுக்குக் காட்டும் நடனத்தில், கூட்டின் இருட்டில் செங்குத்தான அடையின்மீது உடலைக் குலுக்கியபடி நேராக ஓடும் தேனீ, மேல்நோக்கிய திசையிலிருந்து எவ்வளவு சாய்ந்து ஓடுகிறதோ, சூரியன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு விலகிப் பறந்தால் பூக்கள் கிடைக்கும். ஓட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு தொலைவு. இத்தனை நுட்பமும் ஓர் இடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஜப்பானில் ஒருவகைப் பட்டாணிக்குருவி, "எச்சரிக்கை", "இங்கே வா" என்னும் பொருள்படும் இரு குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதையும், வரிசையை மாற்றி ஒலிக்கவிட்டால் மற்றக் குருவிகள் அவ்வளவாகப் பொருட்படுத்தாததையும் தொஷிதாகா சுசுகி காட்டியிருக்கிறார். அதை இலக்கணத்தின் ஒரு துளி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இருந்தாலும் சில பத்து ஒலிகளிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்களையும், அவற்றிலிருந்து இதுவரை எவரும் சொல்லாத வாக்கியங்களையும் ஆக்கும் ஆற்றல் வேறெந்த உயிரிடமும் காணப்படவில்லை. குரங்கு செய்தி சொல்கிறது, ஆனால் மொழி பேசவில்லை என்று பேரனிடம் சொல்லுங்கள். கூடவே, "சிறுத்தை இல்லை" என்பதைக் குரங்கு எப்படிச் சொல்லும் என்று அவனையே கேளுங்கள்.

கேள்வி: சிம்பன்சிகளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தார்களே, அது வெற்றி பெற்றதா? (வாசகர், ஈரோடு)

பதில்: சொற்களைப் பொறுத்தவரை ஓரளவு பெற்றது. 1966இல் அமெரிக்காவின் நெவாடாவில் கார்ட்னர் தம்பதியர் வளர்க்கத் தொடங்கிய வாஷோ என்னும் சிம்பன்சி, 130 அளவிலான சைகைகளைக் கற்றது. பின்னர் ஹெர்பர்ட் டெரஸ் வளர்த்த நிம் என்னும் சிம்பன்சி காட்டிய மிக நீண்ட கோவையைத் தமிழில் தருகிறேன்: "கொடு ஆரஞ்சு எனக்கு கொடு தின் ஆரஞ்சு எனக்கு தின் ஆரஞ்சு கொடு எனக்கு தின் ஆரஞ்சு கொடு எனக்கு நீ." பதினாறு சைகைகள் இருக்கின்றன, வாக்கியம் இல்லை. நிம் வாக்கியம் அமைக்கிறது என்று முதலில் நம்பிய டெரஸ், காணொளிகளை மீண்டும் மீண்டும் பார்த்து, ஆசிரியர் சற்றுமுன் காட்டிய சைகைகளையே அது பெரும்பாலும் திருப்பிக் காட்டியது என்பதை உணர்ந்து, 1979இல் அதை வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எனினும் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது அந்த ஆரஞ்சுதான். நிம் கேட்டதெல்லாம் தனக்கு வேண்டிய ஒன்றை. இரண்டு வயதுக் குழந்தை சன்னல் அருகே நின்று, "அம்மா, காக்கா போச்சு" என்கிறது. காக்கையால் அதற்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. தான் கண்டதை அம்மாவும் அறிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறது. போய்விட்ட காக்கையைப் பற்றி, அதுவும் இரண்டே சொற்களில். வளர்ப்புச் சிம்பன்சிகளின் சைகைகளில் பெரும்பங்கு கேட்பதாகவே இருந்தது. குழந்தையின் பேச்சில் சொல்வது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

கேள்வி: தொண்டையின் அமைப்பு மாறியதால்தான் மனிதனுக்குப் பேச்சு வந்தது என்பது சரியா? மொழி எப்போது தோன்றியது? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பேச்சு புதைபடிவமாக எஞ்சுவதில்லை. அதனாலேயே வெறும் ஊகங்களில் சலிப்புற்ற பாரிஸ் மொழியியல் சங்கம், மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று 1866இல் தன் விதிகளிலேயே எழுதிவைத்தது. இன்று நிலைமை அவ்வளவு இருண்டதாக இல்லை.

தொண்டையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. கிளிக்கு உதடும் பல்லும் இல்லை. ஆனாலும் நம் சொற்களை ஒலிக்கிறது. உயிருள்ள மக்காக் குரங்குகளின் வாயசைவை எக்ஸ்ரே காணொளியில் பதிவுசெய்த ஆய்வொன்று, பல உயிரொலிகளைத் தெளிவாக எழுப்ப அவற்றின் வாயும் தொண்டையும் போதுமானவை என்று 2016இல் காட்டியது. அவற்றிடம் குறைவது, குரல்வளையை நினைத்தபடி ஆளும் மூளைதான். மரபணுவிலும் ஒரு தடயம் உண்டு. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாக ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சுக் குறைபாடு இருந்தது. அதற்குக் காரணமான ஃபாக்ஸ்பி2 மரபணு 2001இல் கண்டறியப்பட்டது. அதை "மொழி மரபணு" என்று செய்தித்தாள்கள் எழுதியது மிகை. அது எலிக்கும் உண்டு; அழிந்துபோன நம் உறவினமான நியாண்டர்தால் மனிதரிடம் இருந்த வடிவமோ பெரும்பாலும் நம்முடையதே.

காலத்தைப் பொறுத்தவரை உறுதியான வாதம் ஒன்று இருக்கிறது. எந்த நாட்டுக் குழந்தையும் எந்த மொழியையும் அதன் நடுவில் வளர்ந்தால் குறையின்றிக் கற்கிறது. ஆகவே மக்கள் கூட்டங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்து உலகெங்கும் பரவுவதற்கு முன்பே அந்த ஆற்றல் முழுமை பெற்றிருக்க வேண்டும்.

ஆற்றல் மொழியாக மாறுவதை நம் காலத்திலேயே காண முடிந்தது. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளிகள் விரிவடைந்தபோது, அதுவரை வீட்டோடு இருந்து வீட்டுச் சைகைகளை மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகள் ஒன்றுகூடினார்கள். ஆசிரியர்கள் கற்பிக்க முயன்றது ஸ்பானிய மொழியை. பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தமக்குள் ஒரு புதிய சைகை மொழியை ஆக்கிக்கொண்டார்கள். ஒரு கேலிச்சித்திரப் படத்தில் பந்தை விழுங்கிய பூனை சரிவான தெருவில் உருண்டு இறங்குகிறது. அதை விவரிக்கச் சொன்னபோது, முதலில் பள்ளிக்கு வந்தவர்கள் கையை உருட்டியபடியே கீழே கொண்டுவந்து ஒரே அசைவில் காட்டினார்கள். பேசும் மனிதரும் கையசைவில் அப்படித்தான் காட்டுவார்கள். அவர்களுக்குப் பின் சிறு வயதிலேயே வந்து சேர்ந்த பிள்ளைகளோ முதலில் உருளுவதற்கு ஒரு சைகை, பிறகு இறங்குவதற்கு ஒரு சைகை என்று பிரித்து, அடுத்தடுத்துக் காட்டினார்கள். தமிழில் நாம் "உருண்டு", "இறங்கியது" என்று இரு சொற்களாக்குவதை, எவரும் கற்பிக்காமல் அந்தப் பிள்ளைகள் தம் கைகளால் செய்தார்கள்.