வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றி டாப் அப் கேட்டால் எவ்வளவு தருவார்கள்?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: மதுரையில் 35 லட்சத்துக்கு வாங்கிய வீடு, இப்போது 70 லட்சம் போகும் என்கிறார்கள். கடன் பாக்கி 18 லட்சம். வயது 40, கைக்கு வரும் சம்பளம் 65,000. பர்சனல் லோனுக்கு மாதம் 9,000 போகிறது. வேறு வங்கிக்கு மாற்றினால் மேற்கொண்டு 25 லட்சம் டாப் அப், அதாவது அதே வீட்டின் மேல் கூடுதல் கடன், கிடைக்குமா?

இப்போதுள்ள நிலையில் கிடைக்காது. எவ்வளவு கிடைக்கும் என்று கடைசியில் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதற்கு முன் என் அனுபவத்தைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் 2024-ல் நானும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டேன்.

சென்னையில் சேலையூர் பக்கம் தனி வீடு. 2015-ல் 42 லட்சத்துக்கு வாங்கினேன், அதில் 33 லட்சம் கடன். ஒன்பது வருடம் கட்டியும் 25 லட்சம் பாக்கி. எதிர் வீடு 90 லட்சத்துக்குக் கைமாறியது என்று தெருவே பேசியது. 80 சதவீதம் தருவார்கள், 72 லட்சம், பாக்கி போக 47 லட்சம் என்று மனதில் ஒரு கோட்டை. எனக்குத் தேவைப்பட்டது 20 லட்சம்தான், மகள் கல்லூரிச் செலவுக்கும் மாடியை எடுத்துக் கட்டவும். அதனால் கவலையே இல்லை என்று நினைத்தேன். கடன் வாங்கித் தரும் ஏஜென்ட்டும் "தாராளமா கிடைக்கும் சார்" என்றார்.

புது வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பழைய சிவில் இன்ஜினியர். டேப்பைப் பிடிக்க என்னையே கூப்பிட்டுக்கொண்டார். வாசலில் ரோட்டின் அகலத்தை அளந்த பிறகுதான் வீட்டுக்குள் வந்தார். மாடியில் 2019-ல் நாங்கள் போட்ட ஓர் அறை இருக்கிறது. அதன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு பிளான் அப்ரூவல் இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இதை நான் சேர்க்க முடியாது, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று அந்த இடத்தைப் படத்தில் குறுக்கே அடித்துவிட்டார்.

அவர் போட்ட மதிப்பு 68 லட்சம். எதிர் வீட்டு 90 லட்சத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பத்திரத்தில் காட்டியிருக்கும் விலை அதைவிட நிறையக் குறைவு என்றார். தெருவில் பேசும் விலையை அவர் எழுத முடியாது. பதிவான விலைகள், அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, மனைக்கு அந்த வட்டாரத்தில் நடக்கும் விலை, இவற்றை வைத்துத்தான் எழுத வேண்டும். கட்டிடத்துக்கு வயது ஏற ஏறத் தேய்மானம் கழிப்பார்கள். அவசரமாக விற்க வேண்டி வந்தால் என்ன வரும் என்பதுதான் வங்கிக்கு வேண்டும். நியாயம்தான், கடன் நின்றுபோனால் அந்த வீட்டை விற்பது அவர்கள்தானே.

அப்புறம் சதவீதம். ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு: வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஆனால் அது உச்சவரம்பு. வங்கி அவ்வளவு தந்தே ஆக வேண்டும் என்று இல்லை, டாப் அப் சேரும்போது இன்னும் இறுக்குவார்கள். எனக்குச் சொன்னது 70 சதவீதம். 68 லட்சத்தில் 70 சதவீதம் 47.6 லட்சம். பாக்கி 25 போக 22.6 லட்சம். நான் நினைத்ததில் பாதி கூட இல்லை, ஆனாலும் தேவைக்குப் போதும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தபோதுதான் இரண்டாவது கணக்கு வந்தது. டாப் அப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். வீடு எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று, உங்கள் சம்பளம் எவ்வளவு தாங்கும் என்பது இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் கடன்.

கைக்கு வருவது 92,000. எல்லா இஎம்ஐயும் சேர்ந்து அதில் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த வங்கியின் விதி. அதாவது 50,600. மாற்றப்போகும் வீட்டுக் கடனின் பழைய இஎம்ஐயைக் கழிக்க மாட்டார்கள். ஆனால் கார் லோன் 11,400 இருந்தது, அதைக் கழித்தார்கள். மிச்சம் 39,200. எனக்கு வயது 45, அறுபது வரை 15 வருடம். 8.75 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு லட்சத்துக்குச் சுமார் 1,000 ரூபாய் இஎம்ஐ. ஆக மொத்தக் கடன் 39 லட்சம், டாப் அப் 14 லட்சம்.

20 வேண்டிய இடத்தில் 14. அன்று ராத்திரி நானும் மனைவியும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கார் லோனில் இன்னும் 2.1 லட்சம்தான் பாக்கி என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு லட்சம் மாதம் 11,400-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. அதாவது 11 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் தகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது! ஆர்டி ஒன்றை உடைத்துக் கார் லோனை முடித்தோம். நோ ட்யூ சான்றிதழை வங்கியில் கொடுத்தோம். சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கில் மொத்தக் கடன் 50 லட்சத்தைத் தொட்டது. வீட்டு மதிப்பை வைத்துப் போட்ட 47.6 லட்சம் குறுக்கே நின்றதால் டாப் அப் 22.6 லட்சம் வரை தரத் தயார் என்றார்கள். நாங்கள் 20-தான் எடுத்தோம்.

செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் வாங்க வங்கிகளுக்கு 2012-லேயே ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டது. ஆனால் புது வங்கியின் பிராசசிங் கட்டணம், வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அடமானம் தீர்ந்ததற்கு ரசீதும் புது அடமானத்துக்குப் பதிவும் போட வேண்டும். புதியதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் தனி. பழைய வங்கி பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். கடனை முடித்துக்கொள்வதற்கான கடிதம் கேட்டவுடன் பழைய வங்கியே வட்டியைக் குறைக்கிறேன் என்று வரலாம், அதையும் கேட்டுப் பாருங்கள். டாப் அப் அங்கேயே கிடைத்தால் அலைச்சல் மிச்சம்.

சரி, உங்கள் கணக்கு. சம்பளத்தில் பாதி என்றே வைப்போம், 32,500. பர்சனல் லோன் 9,000 போக 23,500. அறுபது வரை 20 வருடம், 8.75 சதவீதம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 884. மொத்தம் 26.5 லட்சம், உங்கள் கைக்கு எட்டரை லட்சம். பர்சனல் லோனை முதலில் முடித்துவிட்டால் மொத்தம் 36.7 லட்சம், கைக்கு 18.7 லட்சம். 25 லட்சமே வேண்டும் என்றால் வீட்டில் சம்பாதிக்கும் இன்னொருவரைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்க வேண்டும். அப்போதும் 70 சதவீதக் கணக்கில் மதிப்பீட்டாளர் உங்கள் வீட்டுக்கு 61.5 லட்சமாவது போட்டாக வேண்டும். பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா, கட்டியிருப்பது முழுவதும் பிளானில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.